பஸ்ஸுக்கு எந்த ஃபெயர், சந்தைக்கு எந்த ஃபெயர்? ஒரே ஓசையில் வரும் ஆங்கிலச் சொற்களைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

தலவாக்கலை மாலை வகுப்பு:

எல்லாருக்கும் வணக்கம். தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பின்னேரங்களில் தரம் 8, 9 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் நல்ல கெட்டிக்காரர்கள், காதில் விழுவதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள், ஆனால் கொப்பியில் எழுதும்போது எல்லாரும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள்: ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள். பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசைச் சொல்ல எஃப்-ஏ-ஆர்-ஈ என்று எழுத வேண்டிய ஃபெயர், வாரச் சந்தைக்கு எழுதும் எஃப்-ஏ-ஐ-ஆர் ஆகிவிடுகிறது. மழைக்கு உரிய ரெயின், அரசன் ஆட்சி செய்யும் ரெயின் ஆகிவிடுகிறது. பனிமூட்டத்துக்கு எழுதும் மிஸ்ட்டும் பஸ்ஸைத் தவறவிட்டதற்கு எழுதும் மிஸ்ட்டும் இடம் மாறி நிற்கின்றன. இந்தப் பக்கம் இரண்டுமே அன்றாடம் தேவைப்படுகிற சொற்கள்.

கைநூல்களில் இருக்கும் பட்டியலை மனப்பாடம் செய்ய வைத்துப் பார்த்தேன். பரீட்சை வரைக்கும் நிற்கிறது, அப்புறம் போய்விடுகிறது. "ஏன் மிஸ் ஒரே சத்தத்தை மூன்று விதமாக எழுதுகிறார்கள்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். "அது அப்படித்தான், படியுங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேள்வி நல்ல கேள்வி, பதில் ஒன்று இருக்கத்தான் வேண்டும்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: இவை ஒரே சொல் பிரிந்து பல சொல் ஆனவையா, இல்லை வேறு வேறு இடத்திலிருந்து வந்த சொற்கள் தற்செயலாக ஒரே ஓசைக்கு வந்து சேர்ந்தவையா? அந்த வரலாற்றைச் சொல்லிக்கொடுத்தால் ஸ்பெல்லிங் மனதில் நிற்குமா?

பண்டாரவளைக்காரன்:

டீச்சர், பெரும்பாலும் நீங்கள் இரண்டாவதாகச் சொன்னதுதான். வேறு வேறு இடத்திலிருந்து வந்து ஒரே ஓசையில் சந்தித்துக்கொண்ட சொற்கள். உங்கள் ஃபெயரையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

பழைய ஆங்கிலத்தில் ஃபாரன் என்றால் பயணம் போவது. ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் வண்டியில் போவதற்கு அதே சொல்தான். முதலில் பயணத்தைக் குறித்த சொல் பிறகு பயணத்துக்குக் கொடுக்கும் காசையும் குறிக்க ஆரம்பித்தது. விடைகொடுக்கும்போது சொல்லும் ஃபெயர்வெல் இருக்கிறதே, அதன் முன்பாதி இதே ஃபெயர்தான், நல்லபடியாகப் போய் வா என்று அர்த்தம். அதனால்தான் இரண்டிலும் எஃப்-ஏ-ஆர்-ஈ.

சந்தைக்கு உள்ள ஃபெயர் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. லத்தீனில் ஃபெரியா என்றால் திருநாள். ஐரோப்பாவில் புனிதர்களின் திருநாளுக்குச் சனம் கூடுகிற இடத்தில் வியாபாரிகள் கடை போட்டார்கள், நாளடைவில் அந்தக் கடைக்கூட்டத்துக்கே திருநாளின் பெயர் ஒட்டிக்கொண்டது. நம் கோயில் திருவிழாக்களில் வளையல் கடையும் மிட்டாய்க் கடையும் வருகிற மாதிரி என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். நியாயமான, அழகான என்ற பொருளில் வரும் மூன்றாவது ஃபெயருக்கும் எழுத்து எஃப்-ஏ-ஐ-ஆர்தான், ஆனால் அது தனியாக ஒரு பழைய ஆங்கிலச் சொல், சந்தையோடு எந்தச் சொந்தமும் இல்லை.

ஆங்கிலத்துக்குச் சொற்கள் வந்த வழிகள் பல. அடிப்படை, ஜெர்மானியக் குழுக்கள் கொண்டுவந்த பழைய ஆங்கிலம். அதன் மேல் கடல் தாண்டி வந்த வைக்கிங்குகளின் பழைய நோர்ஸ். 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு நீதிமன்றமும் அரண்மனையும் பிரெஞ்சில் நடந்தன, கூடவே தேவாலயத்தின் லத்தீன். ரெயின் மூன்றையும் பாருங்கள். மழை, பழைய ஆங்கிலம். ஆட்சி, லத்தீனில் அரசாட்சியைக் குறிக்கும் ரெக்னும், அதில் இருந்த ஜி-தான் வாயில் ஒலிக்காமல் எழுத்தில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. குதிரையின் கடிவாள வாரும் ரெயின்தான், அது இழுத்துப் பிடிப்பதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. மழை இயற்கையாகவே அந்த மண்ணின் சொல், ஆட்சியும் குதிரையும் பிரெஞ்சு பேசிய பிரபுக்களின் சொற்கள். எனக்கு இது மிகவும் பிடித்த உதாரணம், ஒரு நாட்டின் வரலாறே அந்த மூன்று சொல்லில் இருக்கிறது.

சரி, வேறு வேறு இடத்திலிருந்து வந்தவை ஏன் ஒரே ஓசையில் முடிந்தன? ஏனென்றால் வாய் மாறியது, எழுத்து மாறவில்லை. இரவுக்கும் குதிரைவீரனுக்கும் நைட் என்கிறோம். வீரனின் நைட்டுக்கு முன்னால் இருக்கும் கே ஒரு காலத்தில் உண்மையிலேயே ஒலித்தது, இரண்டு சொல்லிலும் நடுவில் இருக்கும் ஜி-எச் தொண்டையிலிருந்து வரும் ஒரு ஓசை, ஜெர்மன்காரர் இரவை நாஹ்ட் என்று சொல்லும்போது இன்றைக்கும் அது கேட்கும். எழுதுவதற்கு உள்ள ரைட்டில் முன்னால் நிற்கும் டபிள்யூவும் ஒலித்த எழுத்துத்தான். மாமிசத்துக்கு உள்ள மீட்டும் சந்திப்பதற்கு உள்ள மீட்டும் ஒரு காலத்தில் வேறு உயிர் ஓசைகள், பிறகுதான் ஒன்றாயின. வில்லியம் கெக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் போட்ட பிறகு ஸ்பெல்லிங் மெல்ல மெல்ல இறுக ஆரம்பித்தது, ஓசைகளோ அதற்குப் பிறகும் மாறிக்கொண்டே போயின. அந்த ஒலிக்காத எழுத்துகள் எல்லாம் பழைய உச்சரிப்பின் பதிவு.

பிள்ளைகளுக்கு இது புது அனுபவமே இல்லை டீச்சர். தமிழில் மயங்கொலிச் சொற்கள் என்று படிக்கிறார்களே, அதே விஷயம். பேச்சில் நம்மில் பலர் ழகரத்தை ளகரமாகத்தான் சொல்கிறோம், ஆனால் விளையும் விழையும் எழுத்தில் வேறு வேறாக நிற்கின்றன. பனியும் பணியும் அப்படித்தான். வாய் கைவிட்ட வித்தியாசத்தை எழுத்து கைவிடவில்லை. அங்கிருந்து தொடங்கிப் பாருங்கள்.

ஹட்டன் அக்கா:

பண்டாரவளைத் தம்பி எழுதியதை ஆசையாக வாசித்தேன். ஆனால் டீச்சருக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தரம் 8 பிள்ளைக்கு லத்தீன், நோர்ஸ், பிரெஞ்சு என்று மூன்று பெயரைச் சொன்னால் ஸ்பெல்லிங்கோடு சேர்த்து அந்த மூன்றையும் பாடமாக்க வேண்டி வரும். கதை சொல்லுங்கள், பட்டியல் வேண்டாம், எல்லாச் சொல்லுக்கும் வேண்டவே வேண்டாம்.

என் அனுபவத்தில் பெரிய பிரச்சினை, இரண்டு சொல்லையும் ஒரே நாளில் சோடியாகக் கற்பிப்பதுதான். ஒரு பிள்ளைக்கு பஸ் கட்டணம் மட்டும் தெரிந்தால் அதைச் சரியாகத்தான் எழுதும், பக்கத்தில் இன்னொன்றை வைத்து "குழப்பிக்கொள்ளாதே" என்று சொன்ன நாளிலிருந்துதான் குழப்பம். முதலில் ஒன்றை அதன் சொந்தக்காரச் சொற்களோடு ஊன்றிவிடுங்கள். நிறைக்கு உள்ள வெயிட் என்றால் நிறுப்பதற்கு உள்ள வெய் கூடவே வரட்டும், இரண்டிலும் அதே ஜி-எச். சில வாரம் போன பிறகு, காத்திருப்பதற்கு உள்ள வெயிட்டைத் தனியாக, வெயிட்டிங் ரூம் என்று ரயில் நிலையத்தில் பார்த்த எழுத்தோடு கொண்டுவாருங்கள். கடைசியாக இரண்டும் வருகிற ஒரு வாக்கியம்: மடுவத்தில் (கொழுந்து நிறுக்கிற கொட்டகையில்) அம்மா கொழுந்தின் நிறை பார்க்கக் காத்திருக்கிறார். பிள்ளைகள் தினமும் பார்க்கிற காட்சி, அதை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். மறக்கமாட்டார்கள்.

கம்பளை வாசகன்:

நல்ல உரையாடல். பண்டாரவளை அண்ணா சொன்னதோடு ஒரு எச்சரிக்கையைச் சேர்க்கிறேன், ஏனென்றால் ஸ்பெல்லிங் வேறு என்றால் பிறப்பிடமும் வேறு என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடக் கூடாது.

ரொட்டி சுடுகிற மாவும் செடியில் பூக்கிற பூவும் ஆங்கிலத்தில் ஃபிளவர். இரண்டும் ஒரே சொல். லத்தீனில் பூவைக் குறித்த சொல்தான் பிரெஞ்சு வழியாக வந்தது, அரைத்த தானியத்தில் மிக நைசான பகுதியை அதன் பூ என்று சொன்னார்கள், அதுவே மா ஆனது. நெடுங்காலம் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதினார்கள், 1755இல் சாமுவேல் ஜோன்சன் வெளியிட்ட அகராதியில்கூட இரண்டும் தனித்தனி ஸ்பெல்லிங் பெறவில்லை. உலோகத்துக்கு உள்ள மெட்டலும் மனத்திடத்துக்கு உள்ள மெட்டலும் இதே போல ஒரே சொல் இரண்டாகப் பிரிந்ததுதான், உறுதியான உலோகத்தால் ஆன ஆள் என்ற எண்ணம்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம், எழுத்தும் ஒன்று ஓசையும் ஒன்று, ஆனால் பிறப்பு வேறு. தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுவதை, அதாவது செடியின் கிளைகளைக் கத்தரித்துவிடுவதை, ஆங்கிலத்தில் ப்ரூன் என்பார்கள். உலர்ந்த பிளம்ஸ் பழமும் ப்ரூன். வெட்டுகிற ப்ரூன் பழைய பிரெஞ்சு வினை, பழத்தின் ப்ரூன் லத்தீனில் பிளம்ஸைக் குறித்த ப்ரூனும். பிளம் என்ற சொல்லும் அதே ப்ரூனுமிலிருந்துதான் வந்தது, ஆர் எல்-ஆக மாறி மிக முன்பே ஆங்கிலத்துக்குள் நுழைந்துவிட்டது. ஒரே லத்தீன் சொல் இரண்டு காலத்தில் இரண்டு முறை வந்திருக்கிறது, அதே நேரத்தில் அதன் பக்கத்தில் நிற்கும் கவ்வாத்து அந்நியர். கொழும்பிலிருந்து பதுளைக்கு இரவில் வரும் மெயில் ரயிலின் மெயில், கடிதம் போட்டுக் கொண்டுபோன தோல் பையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல். போர்வீரன் அணியும் இரும்பு வளையக் கவசமும் மெயில், அது வலைக்கண்ணைக் குறித்த லத்தீனிலிருந்து வந்தது. மரப்பட்டையின் பார்க் வைக்கிங்குகள் கொண்டுவந்தது, நாய் குரைக்கும் பார்க் உள்ளூர்ச் சொல். 1861இல் ஹக்கல தாவரவியல் தோட்டத்தைத் தொடங்கியதே சிங்கோனா மரம் வளர்க்கத்தான், குவினைன் என்ற மருந்தை எடுப்பது அந்த மரத்தின் பட்டையிலிருந்து. ஆகவே மலைநாட்டுப் பிள்ளைக்குப் பட்டையின் பார்க் தூரத்துச் சொல் இல்லை.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது கறி. நம் கறிதான் ஆங்கிலத்தில் கரி ஆனது, இது தமிழிலிருந்து போன சொல் என்று ஆங்கில அகராதிகளே எழுதுகின்றன. ஆனால் ஆங்கிலத்தில் அதற்கு முன்பே ஒரு கரி இருந்தது. குதிரையைச் சீவித் தேய்த்துவிடுவதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல் அது. ஒருவரிடம் காரியம் ஆக நைசாக நடந்துகொள்வதை ஆங்கிலத்தில் கரி ஃபேவர் என்று சொல்வார்களே, அதில் சாப்பாடே கிடையாது, குதிரை தேய்ப்பதுதான். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள் டீச்சர். ஆங்கில அகராதியில் தங்கள் வீட்டுச் சொல் ஒன்று, குதிரையின் கரிக்குப் பக்கத்தில், தனக்கென்று தனி இடத்தோடு இருக்கிறது என்று தெரிந்தால் அந்த மொழியிடம் இருக்கிற பயம் குறையும்.

லிந்துலை:

எல்லாரும் ஆங்கிலக்காரர் காதில் ஒன்றாகக் கேட்கிற சொற்களைப் பேசுகிறீர்கள். நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமை இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒன்றாக ஒலிக்காத சொற்களும் நம் வாயில் வந்ததும் ஒன்றாகிவிடுகின்றன. இதைப் பிரித்துக் காட்டாமல் ஹோமோஃபோன், அதாவது ஒரே ஓசைச் சொற்கள், பாடம் நடத்தினால் பாதிப் பிள்ளைகளுக்கு விளங்காது.

முதல் உதாரணம் நாம் குடியிருக்கிற இடமே. வரிசையாகக் கட்டிய அறைகளை வெள்ளைக்காரர் லைன்ஸ் என்றார்கள், நமக்கு அது லயன் ஆனது, லயன் காம்பரா ஆனது. சிங்கமும் நமக்கு லயன்தான். எங்கே இருக்கிறாய் என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் சிங்கத்தின் ஸ்பெல்லிங்கை எழுதுகிற பிள்ளையிடம் கோபப்பட என்ன இருக்கிறது? அது தன் காதுக்கு உண்மையாகத்தான் எழுதியிருக்கிறது. லைன் என்பது லத்தீனில் சணல்நூலைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது, இழுத்துப் பிடித்த நூல், அப்புறம் கோடு, அப்புறம் வரிசை. சிங்கம் கிரேக்கத்து லியோன். ஆங்கிலக்காரர் வாயில் இவை இரண்டும் ஒருநாளும் ஒன்றானதில்லை.

உடுப்புக்கும் கோட்டு, வழக்குப் பேசப் போகிற இடமும் கோட்டு. முதுகுக்கும் பேக், தோளில் போடுகிற பைக்கும் பேக், ஏனென்றால் தமிழ் எழுத்தில் கடைசி ஓசையைப் பிரித்துக் காட்ட வழியில்லை. காலையில் பேர் போடக் கூடுகிற பெரட்டு, ஆங்கிலத்தில் பரேட், அந்தக் கடைசி டகரத்தை வைத்தே ஓசை எப்படி மாறுகிறது என்று காட்டலாம். கொப்பியும் கோப்பியும் ஒரு குறில் நெடில் வித்தியாசம்தான்: எழுதுகிற கொப்பி லத்தீனிலிருந்து வந்த சொல், குடிக்கிற கோப்பி அரபு மொழியில் கஹ்வா, துருக்கி, டச்சு வழியாகச் சுற்றி வந்தது. இந்த மலையெல்லாம் முதலில் கோப்பிக் காடு, 1869இல் தொடங்கிய இலைநோய்தான் அதை அழித்து எல்லாவற்றையும் தேயிலைக்கு மாற்றியது என்று அந்த இடத்தில் இரண்டு வரி சேர்த்துச் சொல்லலாம்.

அதனால் டீச்சர், கரும்பலகையை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் ஆங்கிலக்காரருக்கும் ஒன்றாகக் கேட்பவை: மரக்கறி லீக்ஸும் கூரை ஒழுகுகிற லீக்கும், வேர் ரூட்டும் பஸ் ரூட்டும். மற்றப் பக்கம் நமக்கு மட்டும் ஒன்றாகக் கேட்பவை. இரண்டாவது பக்கத்துக்கு ஸ்பெல்லிங் பயிற்சி பயன்தராது, வாய்விட்டுச் சொல்லும் பயிற்சிதான் வேண்டும்.

பண்டாரவளைக்காரன்:

லிந்துலை சொன்னது முக்கியமான விஷயம், நான் தொடாமல் விட்டது. லீக்ஸைச் சொன்னதால் ஒன்று: உள்ளிப்பூண்டுக்கு ஆங்கிலத்தில் கார்லிக் என்கிறோமே, அதன் பின்பாதி இந்த லீக்தான், முன்பாதி பழைய ஆங்கிலத்தில் ஈட்டி. பல்லைப் பார்த்தால் ஈட்டி முனை மாதிரித்தான் இருக்கும். பஸ் ரூட் லத்தீனில் உடைக்கப்பட்ட வழி என்ற பொருளில் வந்தது, காட்டையும் பாறையையும் உடைத்துப் போட்ட பாதை. நம் ரோட்டுகளைப் பார்த்த பிள்ளைக்கு இதை விளக்கவே தேவையில்லை.

தலவாக்கலை மாலை வகுப்பு:

எல்லாருக்கும் மிகவும் நன்றி. ஹட்டன் அக்கா, சோடியாகக் கற்பிக்க வேண்டாம் என்றது எனக்குப் பெரிய உதவி, அடுத்த வாரமே ஃபெயரைப் பிரித்து நடத்தப் போகிறேன். லிந்துலை சொன்ன இரண்டு பக்கக் கரும்பலகையும் செய்வேன். கறி, கோப்பி, கவ்வாத்து மூன்றும் கதையாகவே போகும்.

இன்னும் ஒரு சந்தேகம். வாக்களிப்புக்கு உள்ள போல், கம்பத்துக்கு உள்ள போல், இந்த இரண்டுக்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதா? வாக்குச்சாவடிப் பலகையைப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை கேட்டது, கம்பத்தில் பெட்டி கட்டி வாக்குப் போட்டார்களா என்று.

கம்பளை வாசகன்:

அருமையான ஊகம், ஆனால் தொடர்பு இல்லை டீச்சர். வாக்களிப்பின் போல், பி-ஓ-எல்-எல், பழைய காலத்தில் தலையைக் குறித்தது. தலையை எண்ணுவதுதான் வாக்கு எண்ணுவது. ஒவ்வொரு தலைக்கும் அறவிடுகிற வரியை ஆங்கிலத்தில் போல் டெக்ஸ் என்பார்கள், தமிழிலும் நாம் அதைத் தலைவரி என்றுதான் சொல்கிறோம். 1381இல் இங்கிலாந்தில் விவசாயிகள் கிளர்ந்து எழுந்ததற்கு அந்த வரி ஒரு முக்கியக் காரணம். 1948 குடியுரிமைச் சட்டத்தில் நம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் குடியுரிமை இழந்து, அதோடு வாக்கும் போனது என்பதையும் அந்தப் பாடத்தில் சொல்லலாம், தலை எண்ணும்போது விடப்பட்ட தலைகள் என்று சொன்னால் தரம் 9 பிள்ளைக்கு நன்றாகவே விளங்கும்.

கம்பத்தின் போல், பி-ஓ-எல்-ஈ, லத்தீனில் முளைக்கம்பு. வடதுருவம் தென்துருவம் என்கிற போலுக்கும் அதே எழுத்து, ஆனால் அது கிரேக்கத்தில் சுழலும் அச்சைக் குறித்த சொல், கம்பத்துக்கு உறவில்லை. தலைப்பிரட்டைக்கு ஆங்கிலத்தில் டாட்போல். எழுதும்போது கம்பத்தின் எழுத்து, ஆனால் உள்ளே இருப்பது தலையின் போல்தான், தேரைத்தலை என்று பொருள். அந்தப் பிள்ளையிடம் தலைப்பிரட்டையில் எந்த போல் இருக்கிறது என்று கேளுங்கள், தமிழ்ப் பெயரிலேயே விடை இருக்கிறது.